மணல் மூடிய சங்கீதம்

1973-ஆம் ஆண்டில் கொரியாவில் வெளிவந்து, அடுத்த சில ஆண்டுகளிலேயே அதிகாரத்தின் கோபத்தால் மறைந்துபோய், ஒரு தலைமுறைக்குப் பின் உலகத்தாரின் செவிக்கு மீண்டு வந்த இசைத்தட்டு ஒன்று, செங்கற்பட்டு வீட்டுக் கூடத்தில் சுழன்றபோது எழுந்த சிந்தனைகள்.

சென்ற கார்த்திகை மாதத்தில், கொளவாய் ஏரி நிரம்பித் தளும்பி, ரயில் பாதையோரத்து நாணல்கள் தலை மட்டும் தெரிய நின்றுகொண்டிருந்த ஓர் அந்தி வேளையில், செங்கற்பட்டில் வசிக்கும் என் பழைய நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில், அதுவரையில் நான் கேட்டறியாத ஒரு பெண்குரலை முதன்முதலாகக் கேட்டேன். நண்பர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 1985-இல் மூர் மார்க்கெட் தீக்கிரையாவதற்கு முன்பு, விடுமுறை நாள்தோறும் ரயிலேறிச் சென்று அங்கே பழைய இசைத்தட்டுகளைப் பேரம் பேசி வாங்கிவந்தவர். அந்நாளில் வாங்கிய ரிக்கார்டு பிளேயரை, ஊசி தேய்ந்தபோதெல்லாம் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியேனும் மாற்று ஊசி தேடிப் பிடித்து, இன்றளவும் பழுதின்றிக் காத்துவருகிறவர். மின்சாரம் போகாமல் இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டே அவர் தட்டின்மேல் ஊசியை இறக்கும் காட்சி, பூஜை வேளையில் தீபம் ஏற்றுகிறவரின் கவனத்தை நினைவூட்டும்.

அன்று அவர் இறக்கிய ஊசியின் கீழ் சுழன்றது நமது தட்டு அன்று. தொழிற்சாலையொன்றில் அவருடைய மகனோடு பணியாற்றிய கொரியப் பொறியாளர் ஒருவர், ஒப்பந்தக் காலம் முடிந்து தாய்நாடு திரும்பும்போது, ‘உங்கள் தந்தையார் தட்டு கேட்கிறவர் ஆயிற்றே’ என்று சொல்லி அன்பளிப்பாக விட்டுச்சென்றது அது. அட்டையின்மேல் பூக்களுக்கு நடுவே ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். பெயர் கிம் ஜங் மி. தட்டின் பெயர், ஆங்கிலத்தில் ‘இப்பொழுது’ என்று பொருள்படும் ‘நவ்’.

“மாமா, இது அம்பது வருஷத்துப் பாட்டு. இதை எழுதினவரோட பாட்டையெல்லாம் அந்த ஊர் கவர்ன்மென்ட் போடவே கூடாதுன்னு வெச்சிருந்தாங்களாம்” என்றான் நண்பரின் மகன்.

முதலில் கிடாரின் தந்திகள் மட்டும், அவசரம் ஏதுமின்றி, கரைக்கு வந்து திரும்பும் சிற்றலைபோல் ஒலித்தன. பிறகு அந்தக் குரல் எழுந்தது. அது பயிற்சியால் மெருகேறிய மேடைக்குரலும் அன்று, கொஞ்சிக் குழையும் சினிமாக் குரலும் அன்று. மூக்கொலி சற்றே கலந்து, பாதி மயக்கத்திலும் பாதி விழிப்பிலும் இருப்பவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோன்ற குரல். அதன் பின்னால் வில் வாத்தியங்கள் மெல்ல மெல்லத் திரண்டு, ஒரு கட்டத்தில் கூடம் முழுவதையும் நிறைத்துவிட்டன. உள்ளறையில் படுத்திருந்த நண்பரின் தாயார், எண்பத்தாறு வயதைக் கடந்தவர், கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். “யாருடா இது? அழுதுக்கிட்டே சிரிக்கிற மாதிரி பாடுறாளே!” என்றார். இசை விமரிசகர்கள் பக்கம் பக்கமாக எழுதியும் சொல்லிமுடிக்காத ஒன்றை, ஒரு சொல் கொரிய மொழி அறியாத அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்பதே என் எண்ணம்.

சூரியனார் பாட்டு

அந்தப் பாட்டின் பெயர் ‘ஹேநிம்’. ‘ஹே’ என்றால் கதிரவன். ‘நிம்’ என்பது கொரியர்கள் பெரியோர் பெயரோடும் ஆசிரியர் என்ற சொல்லோடும் சேர்க்கும் மரியாதை விகுதி. நாம் வெறுமனே சூரியன் என்று விட்டுவிடாமல், கும்பகோணத்துக்கு அருகே கோயில் எடுத்து ‘சூரியனார்’ என்று வழங்குகிறோமே, அதே மரியாதையைத்தான் அந்த ‘நிம்’ தாங்கிநிற்கிறது. பொறியாளர் சொல்லிச்சென்றதாக நண்பரின் மகன் இதை விளக்கியபோது, தமிழாசிரியரின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். அன்று முதல் அந்த வீட்டில் அது ‘சூரியனார் பாட்டு’ ஆயிற்று.

கொரியக் குழந்தையும் தந்தையை ‘அப்பா’ என்றே அழைக்கிறது. தாயை ‘ஓம்மா’ என்கிறது. நாளுக்கு ‘நல்’, புல்லுக்கு ‘புல்’, நானுக்கு ‘நா’ என்று ஒலிக்கும் சொற்களும் அங்கே உண்டு. இந்த ஒற்றுமைகளால் கவரப்பட்ட ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர், சியோலில் வாழ்ந்த காலத்தில், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இல் ஓர் இலக்கண நூலே வெளியிட்டார். இரண்டும் ஒரு குடும்பத்து மொழிகள் என்பதை இன்றைய மொழியியலார் ஒப்புவதில்லை. அவர்களுடைய காரணங்கள் வலுவானவை. ஆயினும், உறவு இல்லாத இடத்திலும் பரிச்சயம் தோன்றக்கூடும் என்பதற்கு அந்தக் கூடத்தில் நின்ற மூதாட்டியைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

பரிச்சயத்துக்கு லௌகிகக் காரணங்களும் உண்டு. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கால்கொண்டபோது, அந்த மண் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தது. மறு ஆண்டே அந்தப் பெயர் மறைந்து காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று மாவட்டம் இரண்டாயிற்று; 2019-இல் செங்கற்பட்டு தனி மாவட்டம் ஆயிற்று. இத்தனை எல்லைக் கோடுகள் மாறிய காலத்திற்குள், கொரிய எழுத்துப் பலகைகள் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் சாதாரணக் காட்சியாகிவிட்டன. 2006 முதல் சென்னையில் இன்கோ மையம் என்னும் இந்திய–கொரியப் பண்பாட்டு நிலையமும் இயங்கிவருகிறது. இன்றைய கொரிய நாடகங்களையும் நாட்டியக் குழுக்களையும் நம் வீட்டுப் பிள்ளைகள் மனப்பாடமாக அறிவார்கள். ஆனால் அந்தப் பெருவெள்ளத்தின் ஊற்றுக்கண் எங்கே இருந்தது என்பதை, இந்தப் பழைய தட்டுத்தான் எனக்குக் காட்டிற்று.

போர்க்களத்தில் பிறந்த கிடார்

‘நவ்’ தட்டின் பாடல்களை இயற்றி, இசையமைத்து, கிம் ஜங் மியின் குரலை உலகுக்கு வழங்கியவர் ஷின் ஜுங் ஹியன். 1938-இல் சியோலில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, கொரியப் போரின் அழிவுக்கு நடுவே வளர்ந்தவர். அந்தப் போரின்போதுதான், நம் நாட்டிலிருந்து 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு, ஏ.ஜி. ரங்கராஜ் என்னும் தமிழரின் தலைமையில் 1950-இல் கொரியா சென்று, காயமுற்றோர்க்குச் சிகிச்சை அளித்தது. மகாவீர் சக்கர விருது பெற்ற அவரைக் கொரிய மக்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள்.

போர் ஓய்ந்த பிறகு அமெரிக்காவின் 8-ஆவது படை அங்கேயே தங்கிவிட்டது. முகாம்களின் கேளிக்கை அரங்குகளில் வாசிக்கக் கலைஞர்கள் தேவைப்பட்டார்கள். ராணுவ வானொலியில் ஒலித்த மேல்நாட்டுச் சங்கீதத்தைக் கேட்டுக் கேட்டே கிடார் பயின்ற இளைஞர் ஷின், 1950-களின் பிற்பகுதியில் ‘ஜாக்கி ஷின்’ என்ற பெயரோடு அந்த மேடைகளில் ஏறினார். பிறர் பாட்டைப் பிறருக்காக வாசித்துப் பெற்ற கூலியோடு நின்றுவிடாமல், அந்த மின் கிடாரின் நாவைத் தம் தாய்மொழிக்குப் பழக்கவேண்டும் என்ற ஆசை அவரைப் பற்றிக்கொண்டது. ‘ஆட் ஃபோர்’ என்ற குழுவை அமைத்து 1964-இல் அவர் வெளியிட்ட தட்டையே கொரியாவின் முதல் ராக் தட்டு என்று பலரும் குறிப்பிடுகிறார்கள். 1968-இல் அவர் பாடல்களைப் பாடிய பேர்ல் சிஸ்டர்ஸ் என்னும் சகோதரியர் பெரும்புகழ் எய்தினர். அடுத்த ஆண்டில் கிம் சூ ஜா, வியட்நாம் போரிலிருந்து திரும்பும் படைவீரனைப் பற்றிய அவர் பாட்டைப் பாடித் தேசத்தையே கிறங்கவைத்தார். கிம் ஜங் மி இந்த வரிசையில் வந்தவர். ஆனால் ‘நவ்’ தட்டில் அவருக்கென்று ஷின் ஆக்கிய ‘கதிரவன்’, ‘காற்று’, ‘வசந்தம்’ என்னும் பொருளுடைய பாடல்களில், கூச்சலும் துள்ளலும் அடங்கி, இயற்கையின் முன் மனம் ஒடுங்கி நிற்கும் ஒரு தியான நிலை கைகூடியிருக்கிறது. மேல்நாட்டு வாத்தியம் கீழ்நாட்டு மௌனத்தைக் கற்றுக்கொண்ட தருணம் அது.

புகழ மறுத்தவர்

1972-இல் ஜனாதிபதி பார்க் சுங் ஹீயைப் புகழ்ந்து ஒரு பாட்டு இயற்றித் தரவேண்டும் என்று அதிகார பீடத்திலிருந்து ஷின்னுக்கு ஆக்ஞை வந்தது. அவர் மறுத்தார். மறுத்ததோடு அமையாமல், ஆள்பவரை விட்டு நாட்டைப் பாடினார். ‘அழகிய ஆறுகளும் மலைகளும்’ என்னும் பொருள்படும் அந்த நெடும்பாட்டில் தலைவர் பெயர் இல்லை. வானமும் வெளியும் மண்ணுமே இருந்தன. அதே 1972-இன் அக்டோபரில் பார்க் அரசியல் சட்டத்தை மாற்றித் தம் ஆட்சிக்கு முடிவில்லாதபடி செய்துகொண்டார். தலைமயிர் நீளமாக வளர்த்த இளைஞர்களைத் தெருவில் நிறுத்திப் போலீஸார் கத்தரித்த காலம் அது. 1974-இல் ‘யோப்ஜோன்’, அதாவது செல்லாக்காசாகிப்போன பழைய பித்தளை நாணயம், என்று பெயரிட்ட குழுவோடு ஷின் வெளியிட்ட ‘அழகி’ என்னும் பாட்டு ஊரெங்கும் ஒலிக்கத் தொடங்கியது.

1975-இல் அடி விழுந்தது. ஒழுக்கக்கேடு, தரக்குறைவு என்னும் காரணங்களைக் காட்டிப் பட்டியல் பட்டியலாகப் பாடல்கள் தடுக்கப்பட்டன, ‘அழகி’யும் தப்பவில்லை. அவ்வாண்டு டிசம்பரில், கஞ்சா வழக்கில் ஷின் கைதானார். சித்திரவதைக்கு உள்ளாகி, மனநோய் மருத்துவமனையிலும் சிறையிலும் அடைபட்டு, வெளிவந்த பிறகும் பொது மேடையில் வாசிக்க அநுமதியின்றி வாழ்ந்தார். 1979 அக்டோபர் 26-இல் பார்க் சுட்டுக்கொல்லப்படும் வரையில் அவருடைய கிடாருக்கு வாய்ப்பூட்டு. அவர் ஆக்கிய பாடகர்களின் தட்டுகளும் அந்த இருளிலேயே அமிழ்ந்தன. தடைப்பட்டியலில் இருந்த பாடல்களில் பெரும்பாலானவை 1987-இல்தான் விடுதலை பெற்றன.

இதைப் படிக்கும் தமிழ் வாசகர், எங்கோ நடந்த கதை என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதே 1975-இல் நம் நாட்டிலும் நெருக்கடி நிலை வந்தது. அரசாங்கத்தின் நிகழ்ச்சிக்கு ஒத்துழைக்க மறுத்த கிஷோர் குமாரின் பாடல்களை 1976-இல் அகில இந்திய வானொலி நிறுத்திவைத்தது. அதற்கும் முன்பு, 1952-இல் கேஸ்கர் ஒலிபரப்புத் துறை மந்திரியாக வந்து திரைப்பாடல்களை வானொலியிலிருந்து விலக்கியபோது, ஜனங்கள் சட்டத்தை எதிர்த்துக் கோஷமிடவில்லை. பேசாமல் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியை வைத்துக்கொண்டார்கள். 1957-இல் விவித பாரதி பிறந்ததற்கு அந்த மௌனத் திருப்பமும் ஒரு காரணம். இன்னும் பின்னால் போனால், 1928-இல் சென்னை அரசாங்கம் பாரதியாரின் பாடல்களைப் பறிமுதல் செய்ததும், சட்டசபையில் சத்தியமூர்த்தி அதனைக் கண்டித்து முழங்கியதும், சுதந்தரத்துக்குப் பின் 1949-இல் அதே பாடல்களின் உரிமையை அரசாங்கமே பெற்று நாட்டுக்கு உரியதாக்கியதும் நாம் அறிந்தவை. பறித்தவர்களின் பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பாடல்களை நெஞ்சிலும் நோட்டுப் புத்தகத்திலும் ஒளித்துவைத்துக் காத்த பெயர் தெரியாத ஜனங்கள் அல்லவா நமக்கு அவற்றைத் தந்தார்கள்?

உளியும் ஊசியும்

கொரியத் தட்டும் அவ்வாறே பிழைத்தது. வீட்டு அலமாரிகளிலும் பழைய தட்டுக் கடைகளிலும் எஞ்சிய பிரதிகளை ரஸிகர்கள் தேடித் தேடிச் சேர்த்தார்கள். மூலப் பிரதியின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. 2011-இல் அமெரிக்காவின் லைட் இன் தி ஆட்டிக் நிறுவனம், ஷின்னின் 1958 முதல் 1974 வரையிலான படைப்புகளின் திரட்டு ஒன்றையும், ‘நவ்’ தட்டையும் மறுபதிப்பாக வெளியிட்டது. ‘பரணில் ஒரு விளக்கு’ என்பதே அந்த நிறுவனப் பெயரின் பொருள். காரியத்துக்கு இதனைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது. அதற்கு முன்பே, 2009-இல் ஃபெண்டர் நிறுவனம் ஷின்னைக் கௌரவித்து அவருக்கென்று ஒரு கிடாரைச் செய்து அளித்தது. 2017-இல் பெர்க்லி இசைக் கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. ஒரு காலத்தில் எந்த வாத்தியத்துக்காகத் தண்டிக்கப்பட்டாரோ, அதே வாத்தியம் அவருக்கு மாலையாக வந்துசேர்ந்தது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. நண்பரும் நானும் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினோம். ஊருக்குள் நுழையும்போதே, சாலையின் இருபுறத்துச் சிற்பக் கூடங்களிலிருந்தும் கல்லை உளி தொடும் ஓசை எழுந்துகொண்டிருந்தது. ஒரு கூடத்தின் முன் சற்று நின்றோம். நந்தியின் கழுத்து மணியைச் செதுக்கிக்கொண்டிருந்த சிற்பி, நாலைந்து தட்டுத் தட்டுவதும், வாயால் ஊதித் தூளைப் போக்குவதும், விரல் நுனியால் தடவிப் பார்ப்பதுமாக இருந்தார். இசைத்தட்டின் பிறப்பும் ஏறக்குறைய இதுதான் என்றார் நண்பர். பாட்டின் அதிர்வுக்கு ஏற்ப நடுங்கும் கூரிய ஊசி ஒன்று மெழுகு போன்ற பூச்சின்மேல் நுண்ணிய பள்ளத்தைச் சுருள் சுருளாகச் செதுக்கிக்கொண்டே போகிறது. அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, அந்த அச்சைக் கொண்டு தட்டுகளை அழுத்துகிறார்கள். நம் வீட்டு ஊசி அதே பள்ளத்தில் மறுபடி நடந்து, நடுங்கியபோது நடுங்கியபடியே நடுங்கி, இறந்த காலத்தை எழுப்புகிறது. ஆகவே தட்டு என்பது செதுக்கப்பட்ட ஒலியே. செதுக்கப்பட்டது எதுவாயினும், மண் மூடினாலும் அழிவதில்லை. கண்டெடுப்பார் வரும் வரையில் காத்திருக்கும்.

கடல் திருப்பித் தந்தவை

இதற்குச் சாட்சி சொல்ல மாமல்லபுரத்துக் கடற்கரையைவிடத் தகுந்த இடம் ஏது? 1990-இல் கடற்கோயிலின் அருகே மணலை அகற்றியபோது, பூவராக மூர்த்தியும் சிறு சந்நிதியும் கிணறும் வெளிப்பட்டன. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்து எத்தனையோ குடும்பங்களைக் கண்ணீரில் ஆழ்த்திற்று. அந்தத் துயரத்தை எந்தக் கண்டுபிடிப்பும் ஈடுசெய்யாது. ஆயினும், அலை மணலை வாரிக்கொண்டு போன பிறகு, வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாளுவன்குப்பத்தில், முன்பு மறைந்திருந்த பாறைச் சாசனங்கள் தெரிந்தன. திருவீழ்ச்சில் என்னும் பழம்பெயருடைய அவ்வூரில் ஒரு சுப்பிரமணியர் கோயில் இருந்ததை அவை கூறின. தொல்லியல் துறையினர் அகழ்ந்தார்கள்; மேலே பல்லவர் காலத்துக் கருங்கல் திருப்பணி, அதன் கீழே அதனினும் பழைய செங்கல் கோயில், முன்னே கல்லால் ஆன வேல். அந்தப் பழங்கோயிலைப் பண்டு மூடியதும் ஒரு கடற்கோளே என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். கடல் கொண்டதைக் கடலே காட்டிக்கொடுத்தது.

அங்கிருந்து எட்டும் தூரத்தில் அதிரணசண்ட மண்டபம் இருக்கிறது. அதன் ஒரு சுவரில் பல்லவ கிரந்தத்திலும், எதிர்ச்சுவரில் நாகரியிலும், ஒரே சாசனம் இருவேறு எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. அதிரணசண்டன் என்னும் விருதுப்பெயர் கொண்ட பல்லவ மன்னனின் பெருமைகளை அடுக்கும் அந்தச் சாசனம், அவனுடைய சங்கீத ஞானத்தையும் மறவாமல் சொல்கிறது. ஈரம் காயாத அந்தப் பாறையின் நிழலில் நின்றபோது, ஒன்று எனக்கு விளங்கிற்று. தன் புகழைக் கல்லில் வெட்டச் செய்த மன்னனின் பெயரை நாம் படிக்கிறோம். அவன் இசைத்த இசை எது என்று சொல்வாரில்லை. சியோலில் புகழ்பாட மறுத்தவரின் இசையோ நம் செவியில் ஒலிக்கிறது. கல் பெயரைக் காத்தது. தட்டு குரலைக் காத்தது. கல்லையும் தட்டையும் காத்தவர்கள் மனிதர்களே. மூடும் மணலுக்கும் அடக்கும் அதிகாரத்துக்கும் பலம் அதிகம். வைத்துக்காக்கும் கைக்குப் பொறுமை அதிகம். கலையின் ஆயுள் இந்தப் பொறுமையின் ஆயுளே என்பதுதான், அந்தக் கொரியத் தட்டு எனக்குக் கற்பித்த பாடம்.

பரணிலிருந்து இறங்கிய பெட்டி

அந்தப் பாடத்தை முதலில் செயலாக்கியவர் நண்பரின் மகன். அடுத்த வாரம் நான் போனபோது, பரணிலிருந்து தகரப் பெட்டி ஒன்றை அவன் இறக்கிவைத்திருந்தான். அவனுடைய பாட்டனார் காலத்து அரக்குத் தட்டுகள். நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுபவை. கரையானுக்குத் தப்பியவை பதினேழு. வேட்டித் துண்டால் ஒவ்வொன்றையும் துடைத்து, லேபிளில் உள்ளதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்தான். நம் ஊர்ப் பழைய வீடுகளில் இத்தகைய பெட்டிகள் இன்னும் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். வீடு இடிக்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும் பழைய பேப்பர்க்காரனிடம் அவை எடைக்குப் போவதற்கு முன்பாக, யாரேனும் ஒருவர் பெட்டியைத் திறந்து பெயரையேனும் எழுதிவைக்கலாகாதா? கொரியாவின் பரணுக்கு விளக்கேற்ற எங்கிருந்தோ ஒருவர் வந்தார். நம் பரணுக்கு விளக்கு நம் கையில் இருக்கிறது.

ஒரு தட்டில் லேபிள் முழுவதும் உரிந்து, பாடியவர் பெயரே இல்லை. விளிம்பிலிருந்து நடுவரை கீறல் வேறு. “போட்டுத்தான் பாருடா” என்றார் மூதாட்டி. ஆசிரியர் ஊசியின் மறுமுனையைத் திருப்பி, வேகத்தை 78-இல் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு இறக்கினார். இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு பெண்குரல், தொலைவில் யாரோ கூப்பிடுவதுபோல வந்தது. சில சுற்றுகளுக்கு ஒருமுறை ‘டக்’ என்று கீறலில் தாவி, ஒரு சொல்லை விழுங்கிக்கொண்டே சென்றது. இரண்டு முறை அப்படியே போயிற்று. மூன்றாவது முறை ஊசி தாவியபோது, கதவைப் பிடித்து நின்றிருந்த அந்த அம்மாள், தட்டு விழுங்கிய சொல்லைத் தம் குரலில், சுருதி பிசகாமல், எடுத்துவைத்தார். பிறகு ஒவ்வொரு கீறலிலும் அவரே பாடினார். பாட்டு ஓரிடத்திலும் அறாமல் முடிந்தது.